மணலில் கிடைத்த நான்கு நகைகள்: வயது பார்த்த பதிவு

சிவப்புக் கல் வைத்த தங்க மோதிரம் ஒன்று, கல்லே இல்லாத தடித்த மோதிரம் ஒன்று, கன்னங்கரேலென்று ஆகிவிட்ட ஒரு பதக்கம், பச்சை பிடித்த ஒற்றைத் தோடு. புயலடித்து ஓய்ந்த பிறகு அலை மணலை அரித்து, முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி வைத்திருந்த ஓரத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியபோது கிடைத்தவை இவை.

யாரிடம் காட்டினாலும் முதல் கேள்வி "எவ்வளவு தேறும்?" என்பதுதான். எனக்கு வேறு மூன்று கேள்விகள் இருந்தன. எங்கே செய்தது? எப்போது செய்தது? எப்போது தொலைந்தது? இவை மூன்றுக்கும் விடை தரும் தடயங்கள் வேறு வேறு. ஒன்றுக்கான தடயத்தை இன்னொன்றின் விடையாக எடுத்துக்கொண்டால், நேற்று தொலைந்த பொருளுக்கு மூழ்கிய கப்பல் கதை முளைத்துவிடும்.

எங்கள் வட்டாரத்தில் டிடெக்டர் பயன்படுத்த அனுமதி தேவையா, கிடைத்ததை யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதைக் கடற்கரைக்குப் போகும் முன்பே கேட்டு வைத்துக்கொண்டேன். இந்தச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் கப்பற்சிதைவைச் சேர்ந்த பொருள் கிடைத்தால் 28 நாட்களுக்குள் அதற்கென்று உள்ள அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, நூறு ஆண்டுகளாவது நீருக்கடியில் கிடந்த மனிதத் தடயங்களைப் பண்பாட்டுச் சொத்தாகவே பார்க்கிறது. பழசு என்று தெரிந்தபின் விதியைத் தேடுவதைவிட முன்பே தெரிந்துவைத்திருப்பது நிம்மதி.

தேய்க்காதே

கண்டெடுத்த இடத்திலேயே சட்டையில் தேய்த்துப் பார்க்கத் தோன்றும். கூடாது. மேலே ஒட்டியிருப்பதும் சாட்சிதான். கடற்புழு கட்டிய சுண்ணாம்புக் குழாயோ கொட்டலசோ ஒட்டியிருந்தால், அந்தப் பொருள் கொஞ்ச காலமாவது மணலுக்கு வெளியே, நீருக்குள் திறந்து கிடந்திருக்கிறது. வெள்ளி முழுக்கக் கறுத்து, லேசாக அழுகிய முட்டை வாடையோடு வந்தால், காற்றுப் புகாத சேற்றில் புதைந்திருந்திருக்கிறது. என் பதக்கம் இரண்டாவது வகை. தங்க மோதிரங்களில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை.

அதனால் முதலில் படம் எடுத்தேன். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து முன், பின், உள்வட்டம், ஓரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, எடையையும் குறித்துவைத்தேன். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் காய்ச்சி வடித்த நீரில் போட்டேன். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டால், உப்பு கரைந்த நீரில் வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும்; அவற்றில் மட்டமான உலோகம் வேகமாக அரிபடும்.

உப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், கடல்நீரின் குளோரைடு உலோகத்தின் நுண்ணிய இடுக்குகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பொருள் காய்ந்ததும் உப்பு படிகமாகி இடுக்கை விரிக்கும். செம்பு கலந்த உலோகமாக இருந்தால், அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும்போதே அரிப்பு தொடரும். நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதற்கு, நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் நல்ல வழிகாட்டி: புது நீர் காட்டும் எண்ணும் ஒரு நாள் ஊறிய நீர் காட்டும் எண்ணும் ஏறக்குறைய ஒன்றானால் போதும். தங்கம் சீக்கிரம் முடிந்தது. பதக்கம்தான் இழுத்தடித்தது.

பற்பசை, எலுமிச்சைச் சாறு, வினிகர் எதையும் பக்கத்திலேயே வைக்கவில்லை. முத்தும் பவளமும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். பற்பசையில் இருக்கும் அரைப்புத் துகள் முத்திரை எழுத்துகளை மழுக்கிவிடும். இன்னொன்றையும் ஊறப்போடும் முன் பார்க்க வேண்டும்: கல்லுக்குப் பின்பக்கம் திறந்திருக்கிறதா, உலோகத்தால் மூடியிருக்கிறதா? 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கல்லுக்கடியில் மெல்லிய உலோகத் தகடு வைத்து மூடிவிடுவார்கள், பளிச்சென்று தெரிவதற்காக. உள்ளே நீர் போனால் அந்தத் தகடு கெட்டு, கல் இருண்டுபோகும். என் மோதிரம் பின்பக்கம் திறந்த வகை. மூடியதாக இருந்திருந்தால் நீரில் போட்டிருக்கவே மாட்டேன்.

பக்கத்தில் கிடந்தது சாட்சி ஆகாது

நான்கும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் கிடைத்தன. கூடவே தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டுகளும், சில தேய்ந்த நாணயங்களும், கறுப்பு மணலும். நிலத்தில் தோண்டும் தொல்லியலில் ஒரே அடுக்கில் கிடைத்தவற்றைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். கடற்கரையில் அந்தக் கணக்கு செல்லாது. சாதாரண மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. கறுப்பு மணலில் இருக்கும் மேக்னடைட், இல்மனைட் போன்றவற்றுக்கு ஐந்துக்குப் பக்கம். ஈயத்துக்கு 11.3, தங்கத்துக்கு அதற்கும் மேல். அலை லேசானதை இழுத்துக்கொண்டு போய், கனமானதை விட்டுவிட்டுப் போகிறது. நூறு ஆண்டு இடைவெளியில் தொலைந்தவைகூட ஒரே கோட்டில் வந்து சேர்வது அதனால்தான். பக்கத்தில் கிடந்த நாணயத்தின் ஆண்டை வைத்து மோதிரத்துக்கு வயது சொல்வது, எடையை வைத்து வயது சொல்வதற்குச் சமம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1715 ஜூலை கடைசியில் ஸ்பெயினின் புதையல் கப்பல் கூட்டம் அங்கே புயலில் சிதைந்தது. இன்றும் பெரிய புயலுக்குப் பிறகு வெள்ளி நாணயங்கள் அங்கே கரையேறுகின்றன. அதே மணலில், போன கோடையில் குளித்தவரின் விரலிலிருந்து நழுவிய மோதிரமும் கிடைக்கும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், சன்ஸ்கிரீன் வழுக்கும். மோதிரம் தொலைவதற்குக் கப்பல் எதுவும் மூழ்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், மணலே வெளியூர் மணலாக இருக்கலாம் என்பது. அரிக்கப்பட்ட கடற்கரைகளில், கரைக்கு அப்பால் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி வந்து கொட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அப்படிக் கொட்டிய மணலோடு பொருட்களும் வரும். நான் தேடிய பகுதியில் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று பொதுப்பணிப் பதிவுகளில் பார்த்தேன், இல்லை. பழைய வான்வழிப் படங்களோடு ஒப்பிட்டால் கரைக்கோடு கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆக, கரையிடமிருந்து பெரிதாக ஒன்றும் பெயராது. நகைகளிடமே கேட்க வேண்டியதுதான்.

கல் மோதிரம்

இதில்தான் அதிக நேரம் போனது. பாதகமில்லை, அதிகம் பேசியதும் இதுதான்.

உள்வட்டத்தில் வரிசையாகச் சின்னங்கள் இருந்தன. வெறும் கண்ணுக்குக் கீறல்களாகத்தான் தெரிந்தன. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கையடக்கப் பூதக்கண்ணாடி) இருந்தாலும், வெளிச்சத்தை நேராக அடித்தால் தங்கத்தின் பளபளப்பே எழுத்தை விழுங்கிவிடும். விளக்கை உலோகப் பரப்போடு ஒட்டினாற்போலத் தாழ்த்தி, சாய்வாக அடிக்க வேண்டும். அப்போது பள்ளத்தின் ஒரு கரை ஒளிரும், மறு கரை நிழலாகும். கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டு, கைப்பேசி விளக்கை மட்டும் மோதிரத்தைச் சுற்றி நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்தேன். அருங்காட்சியகங்களில் இதே போன்ற படங்களைக் கணினியில் கோத்து, திரையிலேயே விளக்கை நகர்த்திப் பார்க்கிற வசதி செய்கிறார்கள். எனக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. படங்களை ஒன்றன் பின் ஒன்றாக ஓடவிட்டதில் எழுத்துகள் எழுந்து வந்தன.

தெரிந்தவை இவை: 15 என்ற எண், .625 என்ற எண், ஒரு நங்கூரம், பாதி தேய்ந்த ஒற்றை எழுத்து, நீள்சதுரக் கட்டத்துக்குள் செய்தவரின் முதலெழுத்துகளாக இரண்டு எழுத்துகள். அந்த இரண்டில் முதலாவது அழிந்துவிட்டது.

15உம் .625உம் ஒன்றைத்தான் சொல்கின்றன: 24 பங்கில் 15 பங்கு தங்கம். பிரிட்டனில் 15 காரட் தரத்துக்கு முத்திரை அடிப்பது 1854இல் தொடங்கியது. 1932இல் 15ஐயும் 12ஐயும் நீக்கிவிட்டு 14 காரட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஓர் எண் இரண்டு பக்கமும் வேலி போட்டுவிட்டது. 9 காரட்டோ 18 காரட்டோ ஆக இருந்திருந்தால் இந்த வசதி இல்லை. அவை இன்றும் நடப்பில் இருக்கின்றன.

நங்கூரத்தைப் பார்த்ததும் என்னோடு இருந்தவர்கள் கடற்படை மோதிரம் என்று முடிவே கட்டிவிட்டார்கள். கடற்கரையில் கிடைத்தது, நங்கூரம் வேறு இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்! ஆனால் முத்திரை வரிசையில் நங்கூரம் என்றால், தங்கம் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை அடிக்கும் பர்மிங்காம் தரச்சோதனை அலுவலகம். கடலே இல்லாத உள்நாட்டு நகரம். பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் 1773இல் ஒரே சட்டத்தின் மூலம் இந்த அலுவலகங்கள் கிடைத்தன. அதற்காக லண்டனுக்குப் போய் மன்றாடியவர்கள் 'கிரௌன் அண்ட் ஆங்கர்' என்ற விடுதியில் கூடிப் பேசினார்கள், அதனால்தான் ஓர் ஊருக்குக் கிரீடமும் இன்னோர் ஊருக்கு நங்கூரமும் போயின என்று ஒரு கதை உண்டு. நாணயம் சுண்டிப் பங்கு பிரித்தார்கள் என்று அதற்கு வாலும் வைப்பார்கள். கதை எப்படியோ, சின்னங்கள் நிலைத்துவிட்டன. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை, 1962இல் மூடிய செஸ்டருக்கு வாளும் கதிர்க்கட்டுகளும். ஷெஃபீல்டின் கிரீடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 18 காரட் தங்கத்துக்கும் 22 காரட் தங்கத்துக்கும் தர அடையாளமாகவே ஒரு கிரீடம் உண்டு. இரண்டையும் குழப்பினால் ஊரே மாறிவிடும். ஷெஃபீல்டின் கிரீடம் வெள்ளிக்கு மட்டும்தான்; 1904இல் தங்கத்துக்கும் முத்திரை அடிக்கத் தொடங்கியபோது அதற்கு ரோஜாவை வைத்தார்கள், 1975இல் வெள்ளிக்கும் ரோஜாவே வந்தது.

ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிப்பது. லண்டனில் இந்த முறை 1478 முதல் இருக்கிறது. ஒவ்வோர் அலுவலகமும் அகரவரிசையைச் சுற்றிச் சுற்றி வரும். எழுத்தின் வடிவமும் அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமும் சுற்றுக்குச் சுற்று மாறும். என் மோதிரத்தில் இருப்பது சிறிய எழுத்து, வளைவு மட்டும் தப்பியிருக்கிறது. c, e, o மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட நேரத்தில் பிடித்த ஆண்டைத் தேர்ந்தெடுத்துவிடுவது சுலபம். நான் மூன்றையும் எழுதி வைத்துவிட்டுக் கல்லுக்குப் போனேன்.

கல்லை முதலில் சோதித்தது நானில்லை, மணல். குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவையில் 7. கண்ணாடி 5க்கும் 6க்கும் நடுவில்; கடல் மணலில் புரண்டால் முனை மழுங்கிப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். என் மோதிரத்தின் கல்லில் பட்டைகளின் விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது. கண்ணாடி இல்லை. அடுத்து, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு வடிகட்டி ஒன்றை வைத்துக் கல்லுக்கு மேலே மெல்லச் சுழற்றினேன். ஒரு நிலையில் ஊதா கலந்த சிவப்பு, கால் வட்டம் திருப்பினால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. மாணிக்கம் போலவே தெரியும் வேறு சிவப்புக் கற்களான கார்னெட்டிலும் ஸ்பினலிலும் இந்த நிறமாற்றம் வராது. ஆகவே மாணிக்கம்தான்.

சரி, இயற்கை மாணிக்கமா? கல் மூழ்கும் அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் பேபி ஆயில் ஊற்றி, அடியில் டிஷ்யூ தாள் விரித்து, அதற்கும் கீழிருந்து வெளிச்சம் விட்டேன். எண்ணெயில் பட்டைகளின் பிரதிபலிப்பு அடங்கிவிடுவதால் கல்லின் உட்புறம் தெளிவாகத் தெரியும். மெல்லிய கோடுகள் தெரிந்தன, எல்லாமே ஒரே மாதிரி வளைந்தவை. இயற்கையில் வளர்ந்த மாணிக்கத்தின் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணம் போட்டு ஓடும். வளைந்த கோடு என்றால் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்த செயற்கைக் கல். இந்த முறையை முழுமைப்படுத்தி 1902இல் வெளியிட்டவர் ஆகஸ்ட் வெர்நாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அதற்கு முன்பே 1880களில் 'ஜெனிவா மாணிக்கம்' என்ற பெயரில் கொஞ்சம் உலவியிருக்கிறது. சந்தையை நிறைத்தது வெர்நாயின் முறைதான்.

பலருக்கு இந்த இடத்தில் முகம் வாடிவிடும், "அப்போ டூப்ளிகேட்டா?" என்று. எனக்கு இது இயற்கைக் கல்லைவிட நல்ல செய்தி. இயற்கை மாணிக்கத்துக்குக் கோடிக்கணக்கான ஆண்டு வயது. மோதிரத்தின் வயதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. செயற்கைக் கல்லோ தன் பிறப்புக்கு ஒரு கீழ் எல்லையைச் சுமந்துகொண்டு வருகிறது. முத்திரை 1854 முதல் 1932 வரை என்கிறது. கல், பெரும்பாலும் 1902க்குப் பிறகு என்கிறது. இரண்டையும் சேர்த்தால் முப்பது ஆண்டுக்குள் வந்துவிடுகிறோம்.

ஆனால் கல் பிற்பாடு மாற்றப்பட்டதாக இருந்தால்? அதனால் கல்லைப் பிடித்திருக்கும் பற்களைப் பார்த்தேன். மாற்றியிருந்தால் பற்களின் நுனியில் வேறு நிறத் தங்கம், பற்றாசுத் திட்டு, புது அரத்தின் கோடு, இவற்றில் ஏதாவது தெரியும். இங்கே நான்கு பற்களும் ஒரே நிறம், ஒரே தேய்மானம். கல்லின் விளிம்புக்கும் பற்களின் பள்ளத்துக்கும் இடையில் இடைவெளியே இல்லை. முதலிலிருந்தே கூட இருந்த கல் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் செய்த காலம். தொலைந்த காலத்துக்குத் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். வளையத்தின் பக்கவாட்டில் தடிமன் 1.8 மில்லிமீட்டர், அடிப்பக்கத்தில் 0.9. மணல் தேய்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கும். அடிப்பக்கம் மட்டும் மெலிவது விரலில் இருக்கும்போது, கைப்பிடிகளிலும் பாத்திரங்களிலும் உரசி உரசி. பாதித் தடிமன் போக ஒருவர் பல பத்தாண்டுகள் அணிந்திருக்க வேண்டும், அல்லது ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போயிருக்க வேண்டும். முத்திரையில் தெரியும் ஆண்டைக் கடலில் விழுந்த ஆண்டாக எண்ணினால் இந்த வாழ்நாள் முழுவதும் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

ஒரு சின்னக் குறிப்பு. வெறுமனே '15ct' என்று மட்டும் இருந்து வேறு சின்னம் எதுவும் இல்லாவிட்டால், அது செய்தவரே அடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அப்படி நிறையச் செய்தார்கள். கழுகுத் தலை இருந்தால் பிரான்ஸ், 1838க்குப் பிறகு, 18 காரட் அல்லது அதற்கு மேல். தங்கத்தில் 56 என்று இருந்தால் பழைய ரஷ்யா. 96 பங்கில் 56, நம் கணக்கில் 14 காரட். புத்தம் புது நகையில் ஆறு இலக்கக் குறியீடு லேசரில் தெரிந்தால் இந்தியாவின் 2021க்குப் பிந்தைய ஹால்மார்க். அதைத் தேடித் திரிய வேண்டியதில்லை, உரிமையாளரைத் தேடினால் போதும்.

கல் இல்லாத மோதிரம்

இதில் முத்திரை எதுவும் இல்லை. உள்ளே இரண்டு பேரின் முதலெழுத்துகளும் ஒரு தேதியும் மட்டும்.

முதலில் உலோகம். தராசின் மேல் ஒரு குவளை நீரை வைத்துப் பூஜ்யமாக்கி, மோதிரத்தை நூலில் கட்டி, அடியையும் ஓரத்தையும் தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டால், தராசு காட்டுவது மோதிரம் விலக்கிய நீரின் எடை. காற்றில் 4.62 கிராம், நீரில் காட்டியது 0.26. வகுத்தால் 17.8. தூய தங்கத்துக்கு 19.3, 22 காரட்டுக்கு 17.7 வாக்கில், 18 காரட்டுக்குப் பதினைந்தரைக்கு முன்பின், பித்தளைக்கு எட்டரை. ஆனால் என் தராசு நூறில் ஒரு கிராம் வரைதான் காட்டும். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று ஏறினாலும் இறங்கினாலும் விடை 17.1இலிருந்து 18.5 வரை ஆடும். ஆக "22 காரட்டுக்குப் பக்கம், நிச்சயம் 18 இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு கெடும். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. கல் வைத்த மோதிரத்துக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. மாணிக்கத்தின் அடர்த்தி 4தான் என்பதால் மொத்த எண்ணையும் கீழே இழுத்துவிடும்.

பிறகு பொற்கொல்லர் ஒருவர் உரைகல்லில் உரைத்துப் பார்த்து அதையே சொன்னார். எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அது பரப்பின் மேல்தோலை மட்டும் படிக்கும். உப்பு நீரில் கிடந்த தங்கக் கலவையில் மேற்பரப்பிலிருக்கும் செம்பும் வெள்ளியும் கரைந்து போயிருக்கலாம். கருவி உள்ளதைவிட உயர்ந்த தரத்தைக் காட்டும்.

முத்திரை ஏன் இல்லை? 1855 முதல் பிரிட்டனில் தங்கத் திருமண மோதிரங்களுக்கு முத்திரை கட்டாயம். எனவே இது வேறு நாட்டில் செய்ததாக இருக்கலாம், அல்லது அளவு மாற்றியபோது முத்திரை இருந்த துண்டு வெட்டுப்பட்டிருக்கலாம். மோதிரத்தின் மேல் வாயால் ஊதி, ஆவி படிந்து விலகும்போது உற்றுப் பார்த்தால் பற்றாசு வைத்த கோடு தனியாகத் தெரியும். இதில் ஒரு கோடுதான் இருந்தது, அதுவும் வளையத்தை முதலில் சேர்த்த இடம் போலத்தான். அளவு மாற்றிய தடயம் இல்லை. வேறு நாட்டுப் பொருள் என்ற பக்கம் கொஞ்சம் கனக்கிறது.

பொறிப்பு கையால் வெட்டியது. உளி வைத்து வெட்டினால் கோடு ஓரிடத்தில் ஒல்லியாகவும் ஓரிடத்தில் அகலமாகவும், பள்ளத்துக்குள் பளபளப்பாகவும் இருக்கும். இயந்திரம் பொறித்தால் ஒரே ஆழம், ஒரே அகலம். லேசர் என்றால் எரிந்த புள்ளிகள் தெரியும். தேதியில் மாதம் முன்னால் வருகிறதா, நாள் முன்னால் வருகிறதா என்பதுகூட நாட்டைப் பற்றிய குறிப்புத்தான். என்னுடையதில் நாள் முன்னால். எண் பன்னிரண்டைத் தாண்டியதால் சந்தேகமில்லை. அமெரிக்க வழக்கம் இல்லை என்பது மட்டும் உறுதி.

அந்த எழுத்துகளையும் தேதியையும் இங்கே எழுதப்போவதில்லை. "என் பாட்டியுடையது" என்று யாராவது வந்தால் அவர்கள் சொல்ல வேண்டியது அதைத்தான். கண்டெடுத்த மோதிரத்தின் உள்பக்கப் படத்தை அப்படியே பொதுவெளியில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

பதக்கம்

கறுப்பு முழுவதும் வெள்ளி சல்ஃபைடு. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் வைத்து இதை எடுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. நான் செய்யவில்லை. இது திறந்து மூடும் வகைப் பதக்கம். கீல் இறுகியிருக்கிறது, உள்ளே தாளோ முடியோ இருக்கலாம், வெளியே நீல எனாமல் துணுக்குகள் தப்பியிருக்கின்றன. வெந்நீர் எனாமலை உதிர்த்துவிடும். பின்பக்கத்தில், முத்திரை இருக்கக்கூடிய ஒரு சின்னச் சதுரத்தில் மட்டும், ஈரமாக்கிய பல்குச்சியால் லூப் வழியே பார்த்துக்கொண்டே மெல்ல நெருடினேன்.

பிறை, கிரீடம், 800. ஜெர்மனி. வெள்ளிக்குப் பிறையும் கிரீடமும், தங்கத்துக்குச் சூரியனும் கிரீடமும் என்ற விதி 1888 முதல் நடப்புக்கு வந்தது. 800 என்றால் ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி. கீழ் எல்லை கிடைத்தது. மேல் எல்லை இல்லை, ஏனென்றால் அந்தச் சின்னம் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. கொடிகள் வளைந்து நெளியும் வடிவத்தைப் பார்த்தால் 1900 வாக்கில் இருந்த பாணி. ஆனால் பாணியை நான் கடைசி சாட்சியாகத்தான் கூப்பிடுவேன். பழைய அச்சுகளை வைத்து ஐம்பது ஆண்டு கழித்தும் அடிப்பார்கள்.

உண்மையில் இந்தப் பதக்கத்தின் கதையை மாற்றியது பதக்கமே இல்லை. அதன் வளையத்தில் விரல் நீளத்துக்கு ஓர் அறுந்த சங்கிலி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் நண்டுக் கொடுக்கு வடிவக் கொக்கி. இந்தக் கொக்கி 1970களுக்குப் பிறகே பரவலானது. பதக்கம் நூறு ஆண்டைத் தாண்டியதாகவே இருக்கட்டும். அதைச் சமீப காலத்து ஒருவர் தன் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடலுக்கு வந்திருக்கிறார். அவர் இன்று உயிரோடு இருக்கவும் வாய்ப்பு அதிகம். ஒரு பொருள் தொலைந்த காலத்தை அதிலிருக்கும் மிகப் பழைய பாகத்திடம் கேட்கக் கூடாது. ஆகப் புதிய பாகம் எதுவோ அதைத்தான் கேட்க வேண்டும். கொக்கி, திருகாணி, பின், சங்கிலி வளையம் எல்லாவற்றையும் முத்திரைக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு பார்க்க வேண்டியது இதனால்தான்.

அப்புறம் அந்தத் தோடு. செம்புக் கலவை, முலாம் போய்ப் பச்சை பூத்தது. பின்னால் வில் போல அழுத்தும் கவ்வி. 1930களுக்கு முன் இந்த அமைப்பு அரிது. கவ்வியில் 'வெஸ்டர்ன் ஜெர்மனி' என்று இருக்கிறது: 1949க்கும் 1990க்கும் இடையில். இதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை. நல்ல முத்திரை ஒன்று எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது பாருங்கள்.

காகிதப் பக்கம்

பொருள் தரும் விடைகள் தீர்ந்த பிறகு ஆவணங்கள். கல் இல்லாத மோதிரத்தையும் பதக்கத்தையும் காவல் நிலையத்தில், கண்டெடுக்கப்பட்ட பொருள் என்று பதிவு செய்தேன். படங்களும் எடைகளும் முதல் நாளே எடுத்திருந்ததால் விவரம் எழுதுவது சுலபமாக இருந்தது. இலக்கமாக்கப்பட்ட பழைய செய்தித்தாள்களில் 'காணவில்லை' விளம்பரங்களைத் தேடினேன். "மோதிரம்", "கடற்கரை" என்று தேடினால் திருமணச் செய்திகளும் நீச்சல் போட்டிகளும்தான் வந்து விழும். "சன்மானம்" என்ற சொல்லைச் சேர்த்த பிறகுதான் தேடல் உருப்படியானது. பழைய அஞ்சலட்டைப் படங்கள் இன்னொரு நல்ல மூலம். மக்கள் எந்த இடத்தில் குளித்தார்கள், உடை மாற்றும் அறைகள் எங்கே இருந்தன என்று காட்டும். நான் தேடிய ஓரத்துக்கு நேர் மேலே ஒரு காலத்தில் குளியல் அறைகளின் வரிசை இருந்திருக்கிறது. கப்பற்சிதைவுப் பட்டியலையும் புரட்டினேன். அந்தக் கரையில் இந்த நகைகளின் காலத்துக்குப் பொருந்துவதாக எதுவும் இல்லை. மூழ்கிய கப்பலுக்காகக் காத்திருந்த நண்பர்களுக்குத்தான் ஏமாற்றம்.

பதக்கத்தைத் திறக்கும் வேலையை உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் விட்டிருக்கிறேன். அதுவரை அது காயாமல், ஒளி படாமல், நீரிலேயே இருக்கும். கல் மோதிரத்துக்கு மிச்சமிருப்பது செய்தவரின் முதலெழுத்து. தரச்சோதனை அலுவலகங்கள் தங்களிடம் பதிந்துகொண்டவர்களின் குறிகளைப் பதிவேட்டில் வைத்திருக்கின்றன. சாய்வெளிச்சப் படங்களோடு பர்மிங்காமுக்கு எழுதியிருக்கிறேன். இரண்டாவது எழுத்து, கட்டத்தின் வடிவம், c, e, o என்ற மூன்று ஆண்டு எழுத்துகள் எல்லாவற்றையும் குறிப்பிட்டிருக்கிறேன். அந்த மூன்று ஆண்டுகளிலும் பதிவிலிருந்த பெயர்களில் இரண்டாவது எழுத்து பொருந்துபவர்களை மட்டும் எடுத்தால் பட்டியல் சிறியதாகத்தான் வரும்.